அரிசிக்குள் இருக்கும் வண்டுக்கு அரிசி காட்டலாமா?

அந்தமானில் அரிசி விற்பவன் கப்பல் வரும் தேதியையும் வண்டு வளரும் கணக்கையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் சுமார் 1,200 கிலோமீட்டர். (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் நாக்குதான் இன்னும் பழைய பெயரிலேயே நிற்கிறது.) கப்பல் கிளம்பிவிட்டால் மூன்று நாளில் ஹட்டோ துறைமுகத்தில் கட்டிவிடும். கிளம்புவதுதான் பாடு. ஆலையில் சாக்கு தைத்து, லாரி ஏறி, துறைமுகக் கிடங்கில் காத்துக் கிடந்து, கப்பல் வந்து, வந்த கப்பலும் புயல் சின்னம் என்று நின்று, ஒருவழியாக இங்கே இறங்கி, மழை விட்ட நேரம் பார்த்து வண்டியேறி எங்கள் கடைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மாதம் சாதாரணமாக ஓடிவிடும். அரிசிக் கூன்வண்டு முட்டையிலிருந்து வளர்ந்து வெளியே வருவதற்கும் ஏறக்குறைய அதே ஒரு மாதம்தான். மெயின்லேண்டில் முட்டையாக ஏறியது இங்கே மூக்கும் முழியுமாக இறங்கும்.

மூட்டையைப் பிரித்ததும் வண்டு ஓடினால் பழி போடும் படலம் தொடங்கும். வாங்குகிறவர் கடைக்காரனைச் சொல்வார். கடைக்காரன் மொத்த வியாபாரியை, அவர் கப்பலை, கப்பல்காரர்கள் சென்னைக் கிடங்கை. எல்லோருமே தங்கள் கையில் இருந்தபோது அரிசி மல்லிகைப்பூவாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. வண்டு அப்போது மணிக்குள் இருந்தது, அவ்வளவுதான். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் சின்னதாகக் குழி குடைந்து ஒரு முட்டையை வைக்கும். பிறகு பசை மாதிரி ஒன்றைச் சுரந்து அந்த வாயைப் பூசி மூடிவிடும். பூச்சு காய்ந்தால் அரிசியோடு அரிசியாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்தாலும் பழகிய கண்ணுக்குத்தான் படும். உள்ளே காலில்லாத புழு, சுற்றியிருக்கும் சுவரையே தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டானபின் பொத்தல் போட்டு வெளியே வரும். நம் கண்ணில் வண்டு படும்போது அது பழைய சேதி.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் கப்பலேறி, அபர்டீன் பஜாருக்கு அருகே ஒரு சந்தில் சித்தப்பா வைத்திருந்த மளிகைக் கடைக்கு வந்தவன் நான். வந்த வேகத்தில் வண்டுகளோடு போர் தொடங்கினேன். சல்லடை ஒரு கையில், மண்ணெண்ணெய்த் தண்ணீர் வாளி மறு கையில். ஒவ்வொரு மூட்டையாகப் புடைத்து, விழுந்ததைக் கூட்டி அள்ளி, சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். ஏதோ கட்டபொம்மன் கோட்டையை நானே மீட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நிற்பு. அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ஏலே, இப்படி ஒண்ணொண்ணாப் பொறுக்குனா இந்த மூட்டை தீருததுக்குள்ள ஒனக்குக் கல்யாண வயசு வந்துரும்” என்பார்.

சித்தப்பா வண்டை விரட்டியதே இல்லை. மே நடுவில் பிடிக்கும் மழை டிசம்பர் வரை இங்கே விடாது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர். நடுவில் ஒரு நாள் வெயில் முகம் காட்டினால் போதும், சித்தப்பா மொட்டைமாடியில் அரிசியைப் பரப்பச் சொல்லிவிடுவார். பரப்பிய அரிசிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் பழைய சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் ஒன்றும் நடக்காது. சூடு ஏற ஏற மணிகளுக்கு நடுவில் கறுப்புக் கறுப்பாக அசையும். விரலை அருகில் கொண்டுபோனால் சட்டென்று காலை மடக்கி, மூக்கை உள்ளே இழுத்து, செத்தமாதிரி கிடக்கும். விரலை எடுத்தால் ஐந்தெண்ணும் நேரத்தில் ஒரு கால் நீளும், பிறகு எல்லாக் காலும். எழுந்ததும் அது வெயிலைவிட்டு விலகி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இருட்டும் இடுக்குமாக எங்கே இருக்கிறதோ அங்கே போகும். போன இடம் சித்தப்பாவின் சாக்கு. அரை மணி கழித்து அவர் வந்து சாக்கின் இரண்டு முனையையும் தூக்கி வாளியில் உதறுவார். நான் ஒரு நாள் முழுக்கச் சலித்துப் பிடிப்பதைவிட அதிகமாக விழும்.

“அது எங்க போகணும்னு நெனைக்கோ, அங்க நாம முன்னாடியே போய் இருந்துக்கிடணும்” என்று ஒருமுறை சொன்னார். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்தவர். பூச்சியியல் படித்தவர்கள் இதே தந்திரத்தை மடிப்பு மடிப்பான அட்டையை வைத்துச் செய்கிறார்கள் என்று எனக்கு நரைத்த பிறகு சொன்னவன் என் அக்கா மகன்.

அவன் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அங்கே பூச்சியியல் பேராசிரியர் எஸ். மோகன், சேமித்த தானியத்தில் வரும் பூச்சிகளுக்கென்றே பல பொறிகளை வடிவமைத்தார். அவற்றில் ஒன்றை விடுமுறைக்கு வந்தபோது என் கையில் கொடுத்தான். பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு சாணுக்கு மேல் நீளமான குழாய். அதன் உடம்பெல்லாம் 2 மில்லிமீட்டர் துளைகள். அடியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கூம்பு. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி வைக்க வேண்டியதுதான். துளை வழியாக வண்டு உள்ளே நுழையும். நுழைந்தால் கால் வழுக்கிக் கூம்புக்குள் விழும். ஏறி வர முடியாது.

நான் குழாயைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். “உள்ள ஒண்ணுமே வைக்கலையேப்பா. வண்டு எதுக்கு வரும்?”

“மாமா, அரிசி மூட்டைக்குள்ள இருக்கிற வண்டுக்கு நீங்க அரிசியைக் காட்டி என்ன செய்யப்போறீங்க?”

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று தோன்றினாலும் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குத் தின்னக் குறைவில்லை, இருக்கக் குறைவில்லை. நெருக்கமாகக் கிடக்கும் தானியத்துக்குள் அது தேடிப் போவது காற்றை. துளைகளுள்ள வெற்றுக் குழாய்தான் அந்தக் குவியலிலேயே காற்றாடும் இடம். மோகனின் பொறி அந்த ஒரு தேவையை வைத்தே வேலை செய்கிறது. சேமித்த புதிதில் பூச்சியின் நடமாட்டம் மேலே ஆறு அங்குலத்துக்குள்தான் அதிகம் என்பதால் குழாயை அந்த ஆழத்தில் வைத்தால் போதும் என்றும் சொன்னான். வைத்தோம். மறுநாள் கூம்பைக் கழற்றிக் கொட்டியபோது ஏழெட்டு வண்டுகள் கண்ணாடித் தட்டில் ஓடின. கையால் அளைந்து பார்த்து ‘நல்ல மூட்டை’ என்று நான் ஒதுக்கி வைத்திருந்த மூட்டை அது.

வண்டை இன்னும் சிறப்பாக எப்படி இழுப்பது என்பதில்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். பூச்சிகள் வாசனையால் பேசிக்கொள்ளும் என்பதை முதன்முதலில் பொருளாகப் பிரித்தெடுத்துக் காட்டியது 1959-இல், ஜெர்மனியின் பியூட்டனான்ட். ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் எடுத்தார். அரிசி மண்டிக்கு அந்த அறிவு வந்து சேர இருபது வருஷம் ஆனது. மாவை நாறவைக்கிற சிவப்பு மாவு வண்டு இருக்கிறதே, அதன் ஆண் விடும் வாசனை இன்ன பொருள் என்று 1980-இல் ஜப்பானின் சுசுகி கண்டுசொன்னார்: டைமெத்தில் டெக்கனல். அடுத்த வருஷமே தானியத் துளைப்பான் வண்டின் வாசனையும் பிடிபட்டது. அந்த வண்டு விழுந்த நெல்லில் ஒரு இனிப்பு வாடை அடிக்கும். சித்தப்பா மூட்டை வாயில் மூக்கை வைத்து, “தித்திப்பா இருக்கு, இது வேண்டாம்” என்று தள்ளிவிடுவார். லாரிக்காரன் சிரிப்பான். வண்டு தன் கூட்டத்துக்கு எழுதிய கடுதாசியைத்தான் அந்த மனிதர் மோந்து படித்திருக்கிறார்.

இதில் ஒரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. அக்கா மகன் சொல்லும்போது பாடமாகத்தான் சொன்னான். கிழவன் காதில் வேறு மாதிரி விழுந்தது. குறைந்த நாள் வாழும் பூச்சிகள், வளர்ந்த பிறகு சாப்பாடே தேவைப்படாதவை. அவற்றில் பெண்தான் வாசனை விடும். ஆண் மட்டும் தேடி வரும். பயறு வண்டும், கிடங்கு அந்துப்பூச்சிகளும் அப்படி. ஒரு பத்துப் பதினைந்து நாள் ஆயுள், அதற்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும், வேறு வேலைக்கு நேரமில்லை. மாதக்கணக்கில் தின்றுகொண்டு வாழும் கூன்வண்டு, மாவு வண்டு, துளைப்பான் ஆகியவற்றில் ஆண் வாசனை விடும். ஆணும் வரும், பெண்ணும் வரும். ‘இங்கே நல்ல சாப்பாடு இருக்கிறது, எல்லோரும் வாங்க’ என்கிற பந்தி அழைப்பு அது. நல்ல தானியத்தின் மேல் உட்கார்ந்து தின்னும்போதுதான் ஆண் துளைப்பான் நன்றாக மணக்குமாம். நீண்ட ஆயுள் உள்ளவை கூட்டத்தைக் கூட்டி உண்கின்றன என்பதைக் கேட்டதும், ஊரில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் திண்ணையில் போகிறவர் வருகிறவரை அழைத்த எங்கள் தாத்தா நினைவுக்கு வந்தார். தொண்ணூறு தாண்டி இருந்தவர்.

பந்தியிலும் இடம் கொள்ளாமல் போகும் நாள் உண்டு. மாவு வண்டுகள் மிதமிஞ்சிச் சேர்ந்துவிட்டால் உடம்பிலிருந்து ஒரு காரமான வாடையைக் கசியவிடும். மாவு இளஞ்சிவப்பாகி, முகத்தைச் சுளிக்க வைக்கும் நாற்றம் வருவது அதனால்தான். ‘வாங்க’ என்று கூப்பிட்ட கூட்டமே ‘இடமில்லை, போங்க’ என்று சொல்லும் வாடை அது. நாட்பட்ட மாவு டப்பாவைத் திறந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

வாசனைப் பொருளின் பெயர் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். ரப்பர் குப்பியில் ஊறவைத்துத் தொங்கவிட வேண்டியதுதானே? அங்கேதான் தொல்லையே தொடங்குகிறது. குளிர்ந்த நாடுகளில் வாரக்கணக்கில் மெல்லக் கசியும் வாசனை, நம் கிடங்கின் புழுக்கத்தில் சீக்கிரமே பறந்துவிடும். கிடங்குக்குள் காற்றே அசையாது. அசையாத காற்றில் வாசனை எட்டும் தூரம் கொஞ்சந்தான், நடந்து போகிற வண்டுக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் புரியாது. வயிறு நிறைந்த வண்டு வேறு, பசித்த வண்டு வேறு. ஜோடி சேர்ந்த பிறகு நடத்தை வேறு. சுற்றிலும் மலைபோல அரிசி மணந்துகொண்டிருக்க, ஒரு சொட்டு வாசனைக்கு அது ஏன் திரும்ப வேண்டும்? அதனால் ஆண் வண்டின் வாசனையோடு கோதுமை முளை எண்ணெய் மாதிரி உணவு மணத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக இழுக்கிறது. ஆனால் தவிட்டுத் தூசி வந்து படிந்துவிட்டால் பொறியின் ஒட்டுப் பசையும் போச்சு, வழுக்குச் சுவரும் போச்சு. வண்டு அந்தத் தூசியையே படிக்கட்டாக்கி ஏறி வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எங்கே வைக்கிறோம் என்பது. வண்டு நட்ட நடுவில் நடக்காது. ஒரு பக்கம் உடம்பு எதிலாவது உரசிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. சுவரோரம், மூலை, அட்டி போட்ட மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டையின் இடுக்கு, இவைதான் அதன் ராஜபாட்டை. மோகன் கிடங்குகளுக்காகச் செய்த புற ஊதா விளக்குப் பொறியைக்கூட மூலைகளில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சாயங்காலத்தில் துளைப்பான் போன்றவை பறந்து அங்கேதான் ஒதுங்குகின்றன. வீட்டில் வைக்கிற குழாய்ப் பொறி, கிடங்கு விளக்கு, பயறுக்கு வேறொன்று என்று அவர் தனித்தனியாகச் செய்ததன் காரணம் இதுதான். எல்லா வண்டுக்கும் ஒரே ஆசை இல்லை.

பயறு என்றதும் சித்தியைச் சொல்லாமல் நகர முடியாது. துவரையையும் தட்டைப்பயறையும் ஊரிலிருந்து செம்மண் கட்டி வரவழைப்பாள். அடுக்களையில் உளுந்துப் பானைக்கு வேப்பிலை, பாசிப்பயறுக்குக் கையில் தேய்த்த விளக்கெண்ணெய். பயறு வண்டு காட்டிலேயே, செடியில் காய் முற்றும்போதே முட்டை ஒட்டிவிடுகிறது. பயறின் தோலில் வெள்ளைப் பொட்டாகத் தெரிவதுதான் முட்டை. சித்தி ஒரு பிடி பயறை அள்ளி, வாசல் வெளிச்சத்தில் உள்ளங்கையில் உருட்டி, “பொட்டு வச்சிருக்கு” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். விளக்கெண்ணெய்ப் பூச்சில் முட்டை மூச்சுத் திணறிப் போகும்; பெண் வண்டுக்கும் வழவழவென்ற இடத்தில் முட்டை ஒட்ட வராது.

அந்த அடுக்களைக்கு அக்கா மகன் கொண்டுவந்து வைத்தது இன்னொரு சின்னச் சாமான். 3 மில்லிமீட்டர் துளை போட்ட கூம்புக் கிண்ணம், கீழே வாசலின் தடவிய தட்டு. சேமிக்கிற பயறிலிருந்தே 200 கிராம் எடுத்து அந்தக் கிண்ணத்தில் போட்டுப் பெரிய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். கிண்ணத்துப் பயறில் வண்டு பொரிந்தால் சும்மா இருக்காது, சுற்றித் திரியும். துளை வழியே தவறித் தட்டில் விழுந்து வாசலினில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் முதல் வண்டைப் பார்த்த அன்றே பெரிய டப்பாவையும் வெயிலில் கொட்ட வேண்டும் என்று பொருள். மெயின்லேண்டில் நினைத்த நாளில் வெயில் இருக்கிறது. எங்களுக்கு ஆகஸ்ட் மாதத்தில் கிடைப்பது ஒரு மணி நேரம், அதுவும் மேகம் மனசு வைத்தால். அந்த ஒரு மணி நேரத்தில் உளுந்தைக் காயவைப்பதா, பயறையா, மிளகாய் வற்றலையா? சித்தி முதல் தடவையாக ஒரு விஞ்ஞானக் கருவியை மெச்சியது அன்றுதான். “இது வண்டைப் புடிக்கலைன்னாலும் பரவால்ல, எதை மொதல்ல காயப்போடணும்னு சொல்லுதுல்லா” என்றாள்.

தீவில் வாசனைப் பொறி புதிதொன்றுமில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டுக்கு வாளியில் ஒரு பொட்டலம் தொங்கவிட்டு மரத்தோரம் கட்டியிருப்பார்கள். அதுவும் ஆண் வண்டு விடும் வாசனைதான். தோப்பில் காற்று ஓடுகிறது, வண்டு பறந்து வருகிறது, வேலை சுலபம். அதே தேங்காய் கொப்பரையாகி மூட்டைக்குள் போனபின் பிடிக்கிற வண்டு வேறு, அதன் புத்தியும் வேறு. தோப்பில் கற்றதை அப்படியே கிடங்குக்குக் கொண்டுவர முடியாது என்று கராச்சராமாவில் இருக்கிற தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தென்னை விஷயமாகப் போய்வருகிற தோப்புக்கார நண்பரும் ஒப்புக்கொள்வார்.

‘இத்தனை பாடு எதற்கு, மாத்திரை போட்டால் ஒரே நாளில் தீர்ந்தது’ என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் உண்டு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக் காற்றுப் பட்டதும் விஷவாயுவாக மாறும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கிடங்கில் தார்ப்பாய் போர்த்தி, விளிம்பெல்லாம் மணல் பை வைத்து அடைத்து, பயிற்சி பெற்றவர்கள் நாள் கணக்கு வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டு அரிசி டிரம்மில் துணியில் முடிந்து போட்டுவிட்டு அடுத்த அறையில் பிள்ளைகளோடு படுப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் அடிவயிறு கலங்கும். அரைகுறையாகப் போட்டுப் போட்டே வண்டுக்கு அது பழகியும் விட்டது. உலக உணவு வேளாண்மை அமைப்பு 1972-73-இல் பார்த்தபோதே மருந்துக்கு மசியாத வண்டுகள் ஆங்காங்கே இருந்தன. இன்று நம் நாட்டுக் கிடங்குகளிலேயே திடமாக எதிர்த்து நிற்பவை இருக்கின்றன. எதை எப்போது செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான் பொறி. மூட்டையிலுள்ள அத்தனை வண்டையும் அது தின்று தீர்த்துவிடும் என்று யாரும் விற்றால் வாங்காதீர்கள். அது தகவல் சொல்கிற ஆள்.

தகவல் சொல்கிற ஆள் என்றதும் எனக்குச் சித்தப்பாவின் கடை வாசல்தான் தெரிகிறது. டெய்ரி ஃபார்ம் பக்கமிருந்து ஒரு அம்மா, வாங்கிப் பாதி செலவான அரிசியை வாளியில் கொண்டுவந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார். மேலாக இரண்டு வண்டு ஊர்ந்தது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, பாதியைச் சாப்பிட்டும் விட்டு, இப்போது கொண்டுவந்தால்? வாயைத் திறக்கப் போனேன். சித்தப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டு, “நல்லவேளை கொண்டாந்தீங்கம்மா” என்றார். வாளி நிறைய வேறு அரிசி அளந்து கொடுத்தார். அந்த அம்மாவுக்கே கூச்சமாகப் போய், பாதிக்குக் காசு தருகிறேன் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இவர் வாங்கவில்லை. அவர் படியிறங்கிய மறுநிமிஷம் என்னைக் கூப்பிட்டு, அதே லாட்டில் வந்த மிச்ச மூட்டைகளை எண்ணச் சொன்னார். அன்று ராத்திரியே அவற்றைப் பிரித்துத் தனியே அடுக்கினோம். பொத்தல் விழுந்த மணி மேலாகத் தெரியாத மூட்டைகள் அவை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பக்கத்து அட்டிக்கும் பரவியிருக்கும்.

சுற்றுவட்டாரத்தில் மற்றக் கடைகளில் இப்படிக் கொண்டுபோனால் சண்டை நடக்கும். அதனால் அங்கே யாரும் கொண்டுபோக மாட்டார்கள். வீட்டிலேயே புடைத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த மாதம் கடையை மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு வண்டு பற்றிய செய்தி வண்டே நேரில் வந்து சொன்னால்தான் உண்டு. சித்தப்பாவுக்கு ஊரெல்லாம் பொறி இருந்தது. ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் ஒன்று. அதில் அவர் வைத்த வாசனை அந்த ‘நல்லவேளை’ என்கிற சொல்தான். கணக்குப் போட்டுச் செய்தாரா, சுபாவமே அப்படியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால், “போலே, சோலியப் பாரு” என்றிருப்பார். எனக்கு அந்தச் சொல் சுலபத்தில் வாய்க்கவில்லை. கல்லாவில் நான் உட்கார்ந்து பல வருஷம் கழித்துத்தான், திருப்பிக் கொண்டுவருகிற ஆளைப் பார்த்ததும் முகம் தானாகக் கோணுவது நின்றது.

இப்போது கடையை மகன் பார்க்கிறான். அக்கா மகன் போன வருஷம் மாவு வண்டுக்கான வாசனைக் குப்பிகள் கொஞ்சம் அனுப்பிவைத்தான். கூடவே போனில் ஒரு எச்சரிக்கை: “மாமா, வாசப்பக்கம் மட்டும் வச்சிராதீங்க. வெளியில இருக்கிறதெல்லாம் உள்ள வந்துரும்.” பின்சுவர் மூலையில் வைத்தோம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெங்காலி தாதாவின் மாவு மில். முப்பது வருஷமாக, என் கடை வண்டுதான் அவர் மில்லுக்கு வருகிறது என்று அவரும், அவர் மில் வண்டுதான் என் கடைக்கு வருகிறது என்று நானும் டீக்கடையில் சொல்லிவருகிறோம்.

முதல் வாரம் பொறியில் விழுந்ததைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் அரிசி தின்ற உடம்பு. என் மில்லில் ஆட்டா தின்று வளர்ந்தது இன்னும் கொழுகொழு என்று இருக்கும்” என்றார். சரி, நீங்களும் ஒன்று வையுங்கள், யார் பக்கம் அதிகம் விழுகிறது பார்த்துவிடலாம் என்று ஒரு குப்பியைக் கொடுத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே எண்ணுகிறோம். அவர் பக்கம்தான் கூடுதல். மில்லில் தூசி அதிகம், மாவு வண்டுக்குத் தூளும் நொய்யும்தான் விருந்து என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் என் பொறி சோம்பேறி என்கிறார். குப்பிகள் தீரப் போகின்றன. அடுத்த தடவை வரவழைக்கும்போது செலவை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், அப்படியானால் விழுகிற வண்டையும் பாதிப் பாதி கணக்கெழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.